"இது சுத்தியல்": வட ஐரோப்பியச் சின்னங்களுக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்மார்க்கின் லோலாண்ட் தீவில் கோபலேவ் என்று ஓர் ஊர். 2014-ல் அங்கே மண்ணிலிருந்து ஒரு சின்னப் பதக்கம் கிடைத்தது. வெண்கலத்தில் வார்த்தது, கழுத்தில் தொங்கவிடுவது, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்த மாதிரிப் பதக்கங்கள் வட ஐரோப்பா முழுக்க ஆயிரம் வரை கிடைத்திருக்கின்றன. இடித் தெய்வமான தோரின் சுத்தியல்தான் இது என்று ஒரு கட்சி, அதெப்படிச் சொல்ல முடியும் என்று இன்னொரு கட்சி. கோபலேவ் பதக்கத்தில் மட்டும் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. மந்திரமா, தெய்வத்தின் ரகசியப் பெயரா? படித்துப் பார்த்தால், "இது சுத்தியல்" என்று இருந்தது. அதிலும் பொறித்தவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.

பழைய ஐரோப்பியச் சின்னங்களின் "மறைபொருள்" பற்றி யார் பேசினாலும் எனக்கு இந்தப் பதக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் காலத்து ஆட்கள் பொருளை ஒளித்து வைத்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. எழுதி வைக்காததால் தொலைந்துபோனது, அவ்வளவுதான். தொலைந்த இடத்தைப் பின்னால் வந்தவர்கள் தங்கள் சரக்கைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சின்னம் எந்த வருஷத்துப் பொருளில், எந்த ஏட்டில் இருக்கிறது என்பது. என் அத்தை பையன் முன்கையில் எட்டுக் கை விரித்த ஒரு சக்கரத்தைப் பச்சை குத்திக்கொண்டு வந்தான். "வெக்விசிர். ஆயிரம் வருஷத்து வைக்கிங் திசைகாட்டி. இதை வைத்துத்தான் கடலைத் தாண்டினார்கள்" என்றான். வைக்கிங் என்றால் கடல் வழியே போய்க் கொள்ளையும் வியாபாரமும் செய்த பழைய வட ஐரோப்பியர்கள். வெக்விசிர் நமக்குக் கிடைப்பது ஹுல்ட் என்ற ஐஸ்லாந்துக் கையெழுத்துப்படியில். அகுரெய்ரி ஊரில் கெய்ர் விக்ஃபூசன் என்பவர் அதைத் தொகுத்தது 1860-ல். ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது! வைக்கிங் காலம் 1066-ஓடு முடிந்தது என்பது வழக்கமான கணக்கு. நடுவே ஏறக்குறைய 800 வருஷம். இதை வைத்திருப்பவர் புயலிலும் மோசமான வானிலையிலும் வழி தவறமாட்டார், வழியே தெரியாத இடமானாலும் சரி என்று அந்த ஏடு சொல்கிறது. கப்பல், வைக்கிங் என்ற பேச்சே இல்லை. இந்த வகை ஐஸ்லாந்து மாந்திரீக ஏடுகளில் கிறிஸ்தவ ஜெபம், சாலமோன் முத்திரை, பழைய தெய்வங்களின் பெயர் எல்லாம் ஒன்றாகக் கலந்தே கிடக்கும். அது ஒரு தனிச் சுவாரசியமான உலகம். அதை வைக்கிங் கணக்கில் எழுதினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

வைக்கிங் என்றாலே படத்தில் வரும் கொம்பு வைத்த தலைக்கவசமும் இதே வகைதான். 1876-ல் ஜெர்மனியின் பைராய்ட்டில் நடந்த, இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளரின் கைவண்ணம் அது. 1943-ல் நார்வேயில் கிடைத்த உண்மையான வைக்கிங் கவசத்தில் கொம்பு கிடையாது. மூன்று சுழி பின்னிய சின்னத்தைக் "கெல்டிக்", அதாவது பழைய கெல்ட் மக்களுடையது என்று விற்கிறார்கள். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் கல்லறைக்குள் அதைச் செதுக்கியது சுமார் கி.மு. 3200-ல். கெல்ட் மொழி பேசுபவர்கள் அந்தத் தீவுக்கு வர அதற்குப் பிறகும் வெகு காலம் ஆனது.

சின்னம் உண்மையிலேயே பழையதாக இருந்தாலும் பெயரில் ஏமாறலாம். ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூன்று முக்கோணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுவீடனின் கோட்லாந்து தீவில் உள்ள ஸ்டோரா ஹம்மார்ஸ் கல்லில் அது இருக்கிறது. கீழே பலிமேடை மாதிரி ஒன்றின்மேல் ஓர் ஆள் கிடக்கிறான், மேலே ஒரு பறவை. சாவோடு தொடர்புள்ள சின்னம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் "வால்க்நுட்" என்ற பெயரை எந்தப் பழைய ஏடும் இதற்குத் தரவில்லை. அது பிற்கால நார்வே மொழியில் ஒரு முடிச்சு வடிவத்துக்கு இருந்த பெயர், எடுத்து இதற்கு ஒட்டிவிட்டார்கள். பிறகு அந்தப் பெயரையே பிரித்து, "வால் என்றால் போரில் மடிந்தவர், ஆகவே இது மடிந்தவரின் முடிச்சு" என்று பொருள் சொல்கிறார்கள். நாமே சூட்டிய பெயரை நாமே உடைத்து ஞானம் எடுப்பது!

ரூன் எழுத்துக்கு வருவோம். இங்கேதான் கூட்டம் அதிகம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சக்தி, கல்லில் பொறித்துப் பையில் போட்டுக் குலுக்கி எடுத்தால் எதிர்காலம் என்கிறார்கள். சில பெட்டிகளில் ஒன்றும் எழுதாத வெற்றுக் கல் ஒன்றும் இருக்கும், "விதி" என்று பெயர். அது சேர்ந்தது 1980-களில். ரூன் முதலில் எழுத்து. பழைய வரிசையில் 24, வைக்கிங் காலத்தில் அது 16 ஆகச் சுருங்கிவிட்டது. 24 எழுத்து வரிசையைக் காட்டி "வைக்கிங் ரூன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கொஞ்சம் உஷாராகலாம். நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் 1955-ல் தீப்பிடித்தது. அந்த இடத்தைத் தோண்டியபோது மரத்துண்டிலும் எலும்பிலும் கீறிய சுமார் 670 ரூன் எழுத்துப் பொறிப்புகள் வெளியே வந்தன, இடைக்காலத்தைச் சேர்ந்தவை. மூட்டைக்குச் சொந்தக்காரர் பெயர், வியாபாரக் கடிதம், காதல், கெட்ட வார்த்தை. ஒரு துண்டில், "உன்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறாள் கீடா." மதுக்கடையில் உட்கார்ந்திருந்த கணவனுக்கு வந்த சேதி என்று ஊகிக்கிறார்கள்.

மந்திரமே இல்லையா என்றால், இருந்தது. வெற்றிக்காக வாளில் ரூன் பொறிக்கச் சொல்லும் பாட்டு உண்டு. எழுத்துகளுக்குப் பெயர் இருந்ததும் உண்மை. முதல் எழுத்தின் பெயர் "ஃபே". கால்நடை என்றும் பொருள், செல்வம் என்றும் பொருள். வள்ளுவர் "மாடல்ல மற்றை யவை" என்றபோது மாட்டுக்கு எந்தப் பொருளோ அதேதான். நார்வேயின் பழைய ரூன் பாட்டு, செல்வம் சொந்தக்காரர்களுக்குள் சண்டை மூட்டும் என்று இந்த எழுத்தைப் பற்றிச் சொல்கிறது. பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இதில் எந்த மர்மமும் இருக்காது.

அப்புறம், ஒலியை வைத்து உறவு கட்டுவது. ஈஸ்டர் வந்தால் போதும், "ஈஸ்டர் என்பது பாபிலோனின் இஷ்தார் தேவி, முயலும் முட்டையும் அவள் சின்னம்" என்று ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளில் அந்தத் திருநாளின் பெயர் யூதர்களின் பஸ்காவிலிருந்து வந்தது, நம்மூர் கத்தோலிக்கர் சொல்லும் பாஸ்கா மாதிரி. ஆங்கிலப் பெயர் வேறு வழி. இங்கிலாந்துத் துறவி பீட் 725-ல், அந்த மாதத்தில் முன்பு ஈஸ்ட்ரே என்ற தேவிக்கு விழா எடுத்தார்கள் என்று எழுதினார். அந்தத் தேவியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே குறிப்பு அதுதான். முயலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈஸ்டர் முயல் ஜெர்மனியில் 1682-ல்தான் எழுத்தில் வருகிறது. முயலைத் தேவியோடு சேர்த்தது 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் ஊகம். கேட்க ஒரே மாதிரி இருந்தால் வேர்ச்சொல் என்று அடித்துவிடும் வியாதி நமக்கும் புதிதில்லை, அதனால் அதிகம் சிரிக்க வேண்டாம்.

இந்த வியாதி ஸ்னோரி ஸ்டுர்லுசனுக்கும் இருந்தது. ஓடின், தோர் முதலான பழைய தெய்வங்களின் கதைகளில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிவது, 1220 வாக்கில் அவர் ஐஸ்லாந்தில் எழுதியதால்தான். அவர் கிறிஸ்தவர். நாடு மதம் மாறி 200 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ஏசிர்" என்ற தெய்வக் கூட்டம் ஆசியாவிலிருந்து வந்த மனிதர்கள், கிரேக்கக் காவியத்தில் வரும் ட்ராய் நகரத்தார் என்று முன்னுரையில் விளக்குகிறார். ஏசிர், ஆசியா, ஒலி பொருந்திவிட்டதல்லவா! அவரைத் தூக்கிப் போடவும் முடியாது, சாட்சியாக அப்படியே நம்பவும் முடியாது. "பழைய நம்பிக்கை இப்படி" என்பதைவிட "ஸ்னோரி இப்படிச் சொல்கிறார்" என்று எழுதுவது மேல்.

இன்னொன்று, நடுவில் யார் கை பட்டது என்று பார்க்காமல் எடுப்பது. ஆஸ்திரியாக்காரர் கீடோ ஃபான் லிஸ்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானாக 18 ரூன்களை உருவாக்கி, ஆதி ரகசியம் என்றார். நாஜிகளின் எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் குறி அந்த வழியில் வந்தது. இன்று ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டினால் வழக்கு. அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் பச்சை குத்துவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, பழைய மதமும் கிறிஸ்தவமும் கோடு போட்டுப் பிரிந்து நின்றதாக நினைப்பது. 1000-ஆவது ஆண்டு வாக்கில் ஐஸ்லாந்து மதம் மாறியபோது, யாரும் பார்க்காமல் பழைய தெய்வங்களுக்குப் பலி கொடுக்கலாம் என்று முதலில் விட்டுவைத்தார்கள். டென்மார்க்கில் ட்ரெண்ட்கோர்டன் என்ற இடத்தில், உலோகத்தை உருக்கி ஊற்றும் மாக்கல் அச்சு ஒன்று கிடைத்திருக்கிறது, 10-ஆம் நூற்றாண்டு. ஒரே கல்லில் தோரின் சுத்தியலுக்கும் குழி இருக்கிறது, சிலுவைக்கும் இருக்கிறது. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் வார்த்துக் கொடுக்கலாம்.