பேக்பைப்பில் சுரம் மாறும்போது இடையில் வரும் ஒலியை நீக்க

பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் குழல் கருவியான ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப்பில் காற்று இடைவிடாமல் ஓடுவதால், கிளாரினெட்டில் செய்வதுபோல நாவால் ஒலியைத் துண்டித்து விரல் பிழையை மறைக்க இயலாது. அதன் 9 சுரங்களுக்கு இடையிலான மாற்றங்கள் அனைத்தும் விரல்களையே நம்பியுள்ளன.

பலரும் தடுமாறும் இடம் டி (D) சுரத்திலிருந்து ஈ (E) சுரத்துக்குச் செல்லும் மாற்றமாகும். இடக்கை மோதிர விரலும் வலக்கைச் சுண்டுவிரலும் எழும் அதே நொடியில், வலக்கையின் மற்ற மூன்று விரல்களும் ஒன்றாக இறங்கித் துளைகளை மூட வேண்டும். வலக்கை சற்றே முந்தினாலும் நடுவில் கீழ் ஏ (A) அல்லது கீழ் ஜி (G) சுரம் தேவையின்றி ஒலித்துவிடும்.

இதைச் சரிசெய்ய, பையை ஒதுக்கிவிட்டு பிராக்டிஸ் சான்டரில் (பையின்றி வாயால் ஊதிப் பழகும் குழல்) இந்த இரு சுரங்களை மட்டும், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரமாக வாசியுங்கள். சுரத்துக்கு முன் மிகக் குறுகிய நேரம் ஒலிக்கும் ஜி அலங்காரச் சுரத்தை இப்போது சேர்க்க வேண்டாம், ஏனெனில் அது பிழையை மூடிவிடும். கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டால், வாசிக்கும்போது காதுக்குத் தப்பியது தெளிவாகப் புலப்படும்.

வலக்கையின் அம்மூன்று விரல்களையும் வளைக்காமல் நீட்டி, நுனிக்குப் பதிலாக விரலின் நடுப்பகுதிச் சதையால் துளையை மூடுங்கள். வாசித்து முடித்தபின் விரல்களில் துளையின் வட்டம் ஆழமாகப் பதிந்திருந்தால் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள். அதைத் தளர்த்திய பிறகே வேகத்தைக் கூட்டலாம்.