வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்திருப்பான்: ஆங்கில பெர்ஃபெக்ட் டென்ஸைப் பேச்சில் பழகும் வழி

"அவன் வந்தான்" என்றால் வந்தான், அவ்வளவுதான். அப்புறம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். "அவன் வந்திருக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள். ஆள் இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது போல ஒரு தோற்றம் வருகிறது, இல்லையா? செயல் முடிந்துவிட்டது, ஆனால் அதன் விளைவு இன்னும் இங்கே இருக்கிறது. பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று பயமுறுத்துகிறார்களே, அதன் அடிப்படை இதுதான். தமிழ் பேசும் யாருக்கும் இது புது விஷயம் இல்லை. நம் தமிழே நம்மைத் தவறாகக் கூட்டிப்போகிற சில இடங்கள் இருக்கின்றன. சிக்கலெல்லாம் அங்கேதான்.

முதல் படி: "இரு"வைப் பிடியுங்கள்

"வந்திருக்கிறான்" என்பதைப் பிரித்தால் வந்து, இருக்கிறான். ஆங்கிலத்தில் இந்த "இருக்கிறான்" முன்னால் வந்து நிற்கும்: "ஹி ஹேஸ் கம்." இருக்கிறான் என்றால் ஹேஸ், இருந்தான் என்றால் ஹேட், இருப்பான் என்றால் வில் ஹேவ். ஹி, ஷி, இட் மூன்றுக்கும், அவற்றின் இடத்தில் வரும் ஒருமைப் பெயர்களுக்கும் ஹேஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஹேவ். வில், மஸ்ட், மே போன்ற சொல் முன்னால் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் ஹேவ்தான். "ஹி வில் ஹேஸ்" என்று ஒன்று கிடையாது.

ஒரு எச்சரிக்கை. எல்லா "இருக்கிறது"ம் ஹேஸ் ஆகாது. "கதவு திறந்திருக்கிறது" என்பது கதவின் நிலை, அதனால் "த டோர் இஸ் ஓப்பன்." "யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்" என்பது ஒருவர் செய்த செயல், அதனால் "சம்ஒன் ஹேஸ் ஓப்பன்ட் த டோர்." அதே கணக்குதான் "உட்கார்ந்திருக்கிறான்" என்பதற்கும்: "ஹி இஸ் சிட்டிங்." செயலைச் சொல்கிறோமா, நிலையைச் சொல்கிறோமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

இரண்டாம் படி: மூன்றாவது வடிவம்

ஹேவுக்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள், வர வேண்டும். கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ராகம் போட்டுப் படித்தோமே, அதில் கடைசியில் வருவது. "ஐ ஹேவ் வென்ட்" தவறு, "ஐ ஹேவ் கான்" சரி. ஃபினிஷ், வாக், கால் போன்றவற்றுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றேதான், கவலை இல்லை. சீன், டன், டேக்கன், ரிட்டன், ஈட்டன், கிவன், ஸ்போக்கன் என்று அடிக்கடி வருகிற இருபது சொற்களை மட்டும் முதலில் வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள். நூறு சொல் பட்டியலைச் சுவரில் ஒட்டிப் பயனில்லை.

மூன்றாம் படி: நேரம் சொன்னால் ஹேவ் ஓடிவிடும்

தமிழில் "2015-ல் நான் இங்கே வந்திருக்கிறேன்" என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் கம் ஹியர் இன் 2015" என்று சொல்ல முடியாது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2015 என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொன்ன உடனே வாக்கியம் சாதாரண இறந்தகாலத்துக்குப் போய்விடும்: "ஐ கேம் ஹியர் இன் 2015." ஹேவ்தான் வேண்டுமென்றால் ஆண்டை விட்டுவிடுங்கள்: "ஐ ஹேவ் பீன் ஹியர் பிஃபோர்." எப்போது என்று கேட்பதும் இப்படித்தான். "வென் ஹேவ் யூ கம்?" இல்லை, "வென் டிட் யூ கம்?"

இன்னும் முடியாத நேரம் என்றால் ஹேவுக்குத் தடையில்லை. காலை பத்து மணிக்கு ஒருவரைத் தேடும்போது "ஹேவ் யூ சீன் ஹிம் திஸ் மார்னிங்?" என்று கேட்கலாம், காலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையே சாயங்காலம் கேட்டால் "டிட் யூ ஸீ ஹிம் திஸ் மார்னிங்?" திஸ் மார்னிங் மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது.

ஜஸ்ட், ஆல்ரெடி, எவர், நெவர் எல்லாம் ஹேவுக்கும் வினைக்கும் நடுவில் உட்காரும்: "ஐ ஹேவ் ஜஸ்ட் ஃபினிஷ்ட்." யெட் மட்டும் பெரும்பாலும் கடைசியில்: "ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்ட் யெட்." அமெரிக்கர்கள் பேச்சில் "ஐ ஆல்ரெடி எய்ட்" என்று ஹேவ் இல்லாமலே சொல்வதைக் கேட்பீர்கள். அது அவர்கள் வழக்கு, குழம்ப வேண்டாம்.

நான்காம் படி: ஐந்து வருஷமாக

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போக வேண்டும். "ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்" என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே மாற்றினால் "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு. முன்பு தொடங்கி இன்றுவரை நீள்கிற எதையும் ஆங்கிலம் ஹேவ் போட்டுத்தான் சொல்லும்: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்."

ஃபாரா, சின்ஸா? தமிழ் வாக்கியமே பதில் சொல்லிவிடும். "ஐந்து வருஷமாக", "ரொம்ப நாளாக" என்று "ஆக" வந்தால் ஃபார். "2019-லிருந்து", "திங்கட்கிழமை முதல்" என்று இருந்து, முதல் வந்தால் சின்ஸ். ஃபார் நீளத்தை அளக்கிறது, சின்ஸ் தொடங்கிய இடத்தைக் காட்டுகிறது.

நோ (தெரிந்திருப்பது), லைக், பிலீவ் மாதிரி நிலையைச் சொல்கிற வினைகளுக்கு இங் சேராது. "ஐ ஹேவ் நோன் ஹெர் ஃபார் டென் இயர்ஸ்" என்பதுதான் சரி. அப்புறம், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். "ஐ ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள். "ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். எதிரே இருப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பது இந்த ஒரு ஹேவில் இருக்கிறது.

ஐந்தாம் படி: கானா, பீனா

"அவர் பேங்குக்குப் போயிருக்கிறார்" என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை: "ஹி ஹேஸ் கான் டு த பேங்க்." "நான் ஜப்பானுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்" என்றால் போய்த் திரும்பி வந்தாயிற்று: "ஐ ஹேவ் பீன் டு ஜப்பான் ட்வைஸ்." தமிழில் இரண்டுக்கும் "போயிருக்கிறேன்" ஒன்றே போதும். ஆங்கிலத்தில் நேரில் நின்றுகொண்டு "ஐ ஹேவ் கான் டு ஜப்பான்" என்றால், அப்போது என் முன்னால் நிற்பது யார் என்று கேட்கத் தோன்றும்.

ஆறாம் படி: ஹேட் போட்டால் இரண்டு சம்பவம் வேண்டும்

ஸ்டேஷனுக்கு ஓடிவருகிறீர்கள். "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்." பிளாட்பாரம் காலி. நீங்கள் வருவதற்கு முன்பே ரயில் போய்விட்டது. ஹேட்டை எடுத்துவிட்டு "த ட்ரெயின் லெஃப்ட்" என்று சொன்னால், நீங்கள் வந்து சேரவும் ரயில் கிளம்பவும் சரியாக இருந்தது என்று ஆகும். கடந்துபோன ஒன்றுக்கும் முன்னால் நடந்தது எது என்று காட்டுவதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்ட். பிஃபோர், ஆஃப்டர் இருந்தால் வரிசை அதிலேயே தெரிந்துவிடும், ஹேட் இல்லாமலும் சமாளிக்கலாம்.

தமிழ் காலைவாருவது இங்கேதான். "நேற்று அவர் வந்திருந்தார்" என்பது நமக்கு மரியாதையான, சாதாரணமான வாக்கியம். ஆங்கிலத்தில் அது "ஹி கேம் எஸ்டர்டே" மட்டுமே. நானும் பல வருஷம் மெயிலில் "ஐ ஹேட் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். கேட்கக் கௌரவமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு! ஒருநாள் அதைப் படித்தவர் "சரி, அனுப்பியிருந்தீர்கள், அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. ஹேட் போட்டால் கேட்பவர் அடுத்த சம்பவத்துக்காகக் காத்திருக்கிறார்.

காதுக்கு ஒரு குறிப்பு. வேகமான பேச்சில் ஐ ஹேவ் "ஐவ்" ஆகும். ஐ ஹேட், ஐ வுட் இரண்டுமே "ஐட்" ஆகிவிடும். "ஐட் கான்" என்று மூன்றாவது வடிவம் வந்தால் ஹேட், "ஐட் கோ" என்று முதல் வடிவம் வந்தால் வுட்.

ஏழாம் படி: இந்நேரம் வந்திருப்பான்

எதிர்காலத்தில் ஒரு நேரத்துக்குள் முடிந்திருக்கும் என்றால் பை சேர்த்துச் சொல்லுங்கள்: "ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை சிக்ஸ்." பேச்சில் இது அவ்வளவாக வராது. நாம் அதிகம் சொல்வது ஊகத்தைத்தான். "இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்" என்றால் "ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்", அல்லது "ஹி மஸ்ட் ஹேவ் ரீச்ட் ஹோம்." வந்திருக்கலாம் என்றால் மே ஹேவ் கம், வந்திருக்க முடியாது என்றால் கான்ட் ஹேவ் கம். "என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு "யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ."

இப்போது பழகிப் பார்க்கலாம்

கீழே இருப்பவற்றை விடையைப் பார்க்காமல் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.
போன மாதம் அவரைப் பார்த்திருந்தேன்.
இரண்டு நாளாக அவன் என்னோடு பேசவில்லை.
மூன்று நாளாக எனக்குக் காய்ச்சல்.

முதலாவது, "ஐ ஹேவ் ஆல்ரெடி சீன் திஸ் ஃபிலிம்." இரண்டாவதில் போன மாதம் என்று நேரம் இருக்கிறது, அதனால் "ஐ மெட் ஹிம் லாஸ்ட் மன்த்." மூன்றாவது, "ஹி ஹேஸ் நாட் ஸ்போக்கன் டு மீ ஃபார் டூ டேஸ்." நான்காவதில்தான் பலர் தடுமாறுவார்கள்: "ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்." ஹேவும் ஹேட்டும் அடுத்தடுத்து வருவது அச்சுப்பிழை இல்லை. முன்னால் இருப்பது நம் "இருக்கிறேன்", பின்னால் இருப்பது "காய்ச்சல் இருப்பது" என்ற ஹேவின் மூன்றாவது வடிவம்.