கண்ணில் படும் பூவும் மூக்கில் ஏறும் மகரந்தமும்: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசியிலேயே சரக்கொன்றை பூத்துவிட்டால் பருவநிலை மாறிவிட்டது என்றும், அதே வாரத்தில் வீட்டில் யாராவது தும்மினால் அந்தப் பூவின் மகரந்தம்தான் காரணம் என்றும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் உடனே முடிவுகட்டிவிடுகிறோம். முதல் முடிவுக்குப் போதிய சான்று இருப்பதில்லை. இரண்டாவது பெரும்பாலும் தவறு.

சரக்கொன்றை, புங்கு, புளி போன்ற மரங்களின் பூக்கள் நிறத்தாலும் மணத்தாலும் தேனாலும் பூச்சிகளை அழைப்பவை. அவற்றின் மகரந்தம் பூச்சியின் உடலில் ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை உடையது. காற்றில் நெடுந்தொலைவு போவதில்லை. காற்றை நம்பியிருக்கும் தாவரங்களுக்கோ அழகிய இதழ்கள் தேவையில்லை. ஆகவே அவை பூத்திருப்பதே நமக்குத் தெரிவதில்லை. வேதாரண்யம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில், ஊசிபோன்ற கிளைகளின் நுனியைக் கூர்ந்து பார்த்தால் ஓர் அங்குல அளவில் பழுப்பான ஆண் பூக்கதிர்கள் தெரியும். அவை முதிர்ந்த நாளில் கிளையைத் தட்டினால் மெல்லிய தூள் புகைபோல எழும். வரப்புப் புற்களும் இந்த வகையே. தும்மலுக்கு அஞ்சி வாசல் கொன்றையை வெட்டிவிட்டு, கொல்லையில் முழங்கால் உயரப் புல்லை விட்டுவைத்திருந்த ஒரு வீட்டை நான் அறிவேன்.

அடுத்த தவறு, குளிர்நாடுகளின் கணக்கை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது. ஜப்பானின் கியோட்டோவில் 2021-ஆம் ஆண்டு மார்ச் 26 அன்றே செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்தன. 1,200 ஆண்டுகளாகத் தொகுக்கப்பட்ட பதிவுகளில் அதற்கு முன் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரையிலான அளவீடுகளின்படி மகரந்தப் பருவம் ஏறத்தாழ 20 நாள் முந்தியிருக்கிறது, மகரந்தத்தின் அளவும் சுமார் 21 விழுக்காடு கூடியிருக்கிறது. அங்கெல்லாம் குளிர் விலகி வெப்பம் கூடுவதே மரத்தை எழுப்புகிறது. டெல்டாவிலோ, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண் காய்வதும் மார்கழி, தை இரவுகளின் குளிர்ச்சியும் முக்கியமானவை. மாமரத்தைப் பாருங்கள்: இரவுகள் வெதுவெதுப்பாகவே இருந்தாலோ, மழை தை வரை நீண்டாலோ, ஒரு கிளை பூக்க மறு கிளை கொழுந்து விடும், சில ஆண்டுகளில் பூவே தள்ளிப்போகும். வெப்பம் கூடினால் எல்லா மரமும் முந்திப் பூக்கும் என்று எதிர்பார்ப்பவர், தாமதமாகப் பூத்த மாவைப் பார்த்துப் பருவநிலை மாறவே இல்லை என்றும் சொல்லிவிடக்கூடும்.

ஓர் ஆண்டை வைத்து முடிவுசெய்வதும் பிழையே. காலமல்லாக் காலத்து மழையைக் கார்மழை என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்ததைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். ஒரே மரத்தை ஆண்டுதோறும் பார்த்துவந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த மரம் வாய்க்கால் கரையில் நிற்கிறதா, மேட்டு நிலத்திலா, மின்கம்பிக்காகக் கிளை வெட்டப்பட்டதா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களின் அடுத்த சில ஆண்டுப் பூப்பைப் பருவநிலையின் கணக்கில் சேர்க்க முடியாது. என் பழைய குறிப்பேட்டில் ‘பங்குனி: வேம்பு பூத்தது’ என்று மட்டும் இருக்கிறது. பங்குனிக்கு முப்பது நாள் இருப்பதால், இரண்டு வார மாற்றம் நிகழ்ந்திருந்தாலும் அந்தக் குறிப்பில் தெரியாது. முதல் பூ விட்ட தேதி வேறு, மரம் நிறையப் பூத்த தேதி வேறு. இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப் பூ கிடைத்ததா என்பது நல்ல அடையாளம்தான். ஆனால் அது அன்று பூ இருந்ததைச் சொல்லுமே தவிர, எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லாது. மக்கள் பங்கேற்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்துப் பதிவுசெய்யச் சொல்வது இதற்காகவே.

மழை பெய்தால் காற்று சுத்தமாகிவிடும் என்பதும் முழு உண்மையன்று. நீடித்த மழை மகரந்தத்தைக் கீழே இறக்கும். இடிமழையின்போதோ ஈரத்தில் உப்பிய மகரந்த மணிகள் வெடித்து நுண்துகள்களாகலாம். 2016 நவம்பரில் மெல்பர்னில் இவ்வாறு பரவிய புல் மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினர்.

இங்கே தை மாதத் தும்மலுக்கு மகரந்தத்தைக் குற்றம் சொல்லுமுன், சம்பா அறுவடையையும் நினைக்க வேண்டும். அறுவடை இயந்திரம் கிளப்பும் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் பூஞ்சை வித்துகளும் அதே மூக்கரிப்பைத் தரும். தும்மல் தொடங்கிய தேதிக்குப் பக்கத்தில், அன்று எந்த வயலில் இயந்திரம் இறங்கியது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.