சஃபாரிக்கு மே மாதம் டிக்கெட் போடாதீர்கள்

கடலூரில் யாரிடம் ஆப்பிரிக்க சஃபாரி பேச்சை எடுத்தாலும், பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதத்தைத்தான் சொல்கிறார்கள். முதலில் அதை அடித்துவிடுங்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் பல இடங்களில் நம் திட்டக்குடிப் பக்கம் மாதிரி கரிசல் மண், நனைந்தால் ஜீப் புதையும், புல்லும் உயர்ந்துவிடுவதால் சிங்கம் பக்கத்திலேயே படுத்திருந்தாலும் கண்ணில் படாது. வாடகை குறைவுதான், ஆனால் அவ்வளவு தூரம் போய் மழையையா பார்ப்பது?

காலாண்டு விடுமுறைதான் என் தேர்வு. மழைக்குப் பின்னால் துளிர்க்கும் புல்லைத் தேடி மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனமான வில்டபீஸ்ட்கள், பத்து லட்சத்துக்கும் மேல், தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவுக்கும் மாராவுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு நேரம் காலம் கிடையாது, கரையில் வந்து நின்றுவிட்டு அப்படியே திரும்பியும் போகும், அதனால் மூன்று ராத்திரியாவது அங்கே தங்குகிற மாதிரி போடுங்கள்.

பிப்ரவரியில் லீவு கிடைத்தால் செரெங்கெட்டியின் தெற்கே, என்டுட்டு (Ndutu) என்ற இடத்துப் பக்கம் போகலாம். கன்று ஈனும் காலம், புல் குட்டை, சிவிங்கிப்புலியும் (சீட்டா) கழுதைப்புலியும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போட்ஸ்வானா என்றால் கணக்கே வேறு. அங்கோலாவில் பெய்த மழை சில மாதம் கழித்துத்தான் அங்குள்ள ஒக்கவாங்கோ டெல்டாவுக்கு வந்து சேரும், குடகு மழை வீராணத்துக்கு வருகிற கதை மாதிரி, ஆனால் இன்னும் மெதுவாக. அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுற்றிலும் காய்ந்து கிடக்க, டெல்டாவில் மட்டும் தண்ணீர் நிறைந்திருக்கும்.

எந்த மாதம் போனாலும், கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கருப்பு, கருநீலச் சட்டை வேண்டாம், அங்கே கடிக்கிற செட்சி ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும். ஸ்வெட்டர் கட்டாயம்: ஜூலை, ஆகஸ்ட் விடியற்காலையில் திறந்த ஜீப்பில் நம் கடற்கரை உடம்பு நடுங்கிவிடும். குட்டி விமானத்தில் போவதானால் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைக்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்.