‘அமெச்சூர்களுக்கு மட்டும்’ என்று போஸ்டர் அடிக்கும் முன்

போஸ்டரில் நான் போட்டது ஒரே வரி: ‘அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்’. எயிட் பால் பூல், 32 பேர், பெஸ்ட் ஆஃப் 5, நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். ஞாயிறு சாயங்காலம் அரையிறுதி முடிந்ததும் தோற்ற பையனின் நண்பர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணே, அவரு புரோ. எங்க ஏரியா பார்லர்ல காசு வாங்கிட்டு கோச்சிங் குடுக்கிறாரு.” ஜெயித்தவர் க்யூ கோலின் முனையில் சாக் கட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “நான் பேங்க்ல வேலை பாக்குறேங்க. சாயங்காலம் ரெண்டு பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். இதுக்கு நான் புரோவா?”

இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசினார்கள். தவறு என்னுடையது. அமெச்சூர் என்றால் யார் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் பரிசுத் தொகையைப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்தேன். அன்று யாருமே திருப்தியாக வீட்டுக்குப் போகவில்லை.

அதன்பிறகு சில போட்டிகள் நடத்தியாயிற்று. ‘புரோ யார், அமெச்சூர் யார்’ என்று கேட்டு உட்கார்ந்தால் விடிய விடியப் பேசலாம், முடிவு வராது. இந்தப் போட்டியில் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று கேட்டால்தான் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. இதை மறந்து நானும் மற்றவர்களும் செய்த தவறுகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

காசை வைத்துக் கோடு போடுவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். ஆட்டத்தில் காசு வாங்கினால் புரோ, வாங்காவிட்டால் அமெச்சூர். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நம் பார்லர்களில் டேபிள் மணி என்று ஒன்று உண்டு, தோற்றவர் டேபிள் வாடகையைக் கட்ட வேண்டும். காசுதான் அளவுகோல் என்றால் மாதம் முழுக்க நண்பன் செலவில் ஆடுகிற கல்லூரிப் பையன் புரோ. 2,000 ரூபாய் பரிசு வாங்கியவரும் புரோ. காசு கட்டித் தோற்றுக்கொண்டே இருக்கிற நான் மட்டும்தான் சுத்தமான அமெச்சூர்.

இன்னும் மேலே போய்ப் பார்த்தால் சிக்கல் கூடுகிறது. பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டிலும் இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வென்றவர். ஓஎன்ஜிசியில் வேலை. அவர் வென்ற ஐபிஎஸ்எஃப் (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சம்மேளனம்) ஸ்னூக்கர் பட்டங்கள் அமெச்சூர் வரிசையைச் சேர்ந்தவை. 2012-இல் இங்கிலாந்தின் தொழில்முறை ஸ்னூக்கர் டூருக்கு (புரோக்களின் தொடர் போட்டிகள்) போய் இரண்டு சீசன் ஆடிவிட்டு 2014-இல் திரும்பிவிட்டார். பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுத்து ஆட விடுகிற நாடு இது. சம்பளம் எதற்கு வருகிறது, ஆபீஸ் வேலைக்கா ஆட்டத்துக்கா என்று பிரிக்கப் போனால் நம்மால் முடியாது.

அந்தக் காலத்தில் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். 1958-இல் வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் வென்றது உலக ‘அமெச்சூர்’ பில்லியர்ட்ஸ் பட்டம். கீத் சேத்தி 1985-இல் வென்றதும் அமெச்சூர் பட்டம்தான், 1992-இல் வென்றது தொழில்முறைப் பட்டம். இரண்டுக்கும் வாசல் வேறு வேறு. இன்று ஒரு சனிக்கிழமைப் போட்டிக்கு அப்படி இரண்டு வாசல் வைக்க நம்மிடம் சங்கமும் இல்லை, பதிவேடும் இல்லை.

கோச்சிங் விஷயத்தில் இப்போது என் முடிவு: கண்டுகொள்ளாமல் விடுங்கள். நன்றாகச் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் நன்றாக ஆடுகிறவர்கள் இல்லை. பார்லர் மார்க்கர், அதாவது டேபிள்களைப் பார்த்துக்கொண்டு ஸ்கோர் குறிக்கிற ஊழியர், விஷயம் வேறு. கூட்டம் இல்லாத நேரத்தில் தினமும் நான்கு மணி நேரம் சும்மா ஆடக் கிடைக்கிற ஆள் அவர். சம்பளத்துக்காக அவரை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த நான்கு மணி நேரம் கை வேலையில் தெரியும். அதைத்தான் எடைபோட வேண்டும்.

ஸ்னூக்கரில் போட்ட கோட்டைப் பூலுக்குக் கடன் வாங்குவது

ஸ்னூக்கரில் கோடு தெளிவாக இருக்கிறது. உலக ஸ்னூக்கர் டூரில் ஏறக்குறைய 128 பேர். புதிதாக உள்ளே வருகிறவருக்கு இரண்டு வருட டூர் கார்டு. கார்டு இருந்தால் புரோ, இல்லாவிட்டால் இல்லை. (ஸ்னூக்கர் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில் என்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

அந்தத் தெளிவான கோடே என்ன வேடிக்கை காட்டியது பாருங்கள். 2025 உலக சாம்பியன்ஷிப்பில் சீனாவின் ஜாவோ சின்டோங் ஆடியபோது அவர் கணக்குப்படி அமெச்சூர். ஆடத் தடை இருந்த காலத்தில் கார்டு போயிருந்தது. நான்கு தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து, அரையிறுதியில் ரோனி ஓ'சல்லிவனை 17-7 என்று நொறுக்கி, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று, 5 லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். உலக சாம்பியன், அமெச்சூர். கார்டு சொல்வது ஒருவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதை மட்டும்தான்.

பூலில் அந்தப் பட்டியல்கூடக் கிடையாது. யுஎஸ் ஓப்பன் பூல் சாம்பியன்ஷிப்பில் 256 பேர் ஆடுகிறார்கள். அதில் உலகின் முதல் பத்து பேரும் உண்டு, கட்டணம் கட்டி இடம் பிடித்த பிளம்பரும் உண்டு. லூயிவில் நகருக்கு எதிர்க்கரையில் இந்தியானாவில் நடக்கும் டெர்பி சிட்டி கிளாசிக்கும் அப்படித்தான், டிராவில் யாருக்கு யார் மாட்டுவார் என்று சொல்ல முடியாது. கார்டு கொடுத்துப் பார்க்காமலும் இல்லை. 2005-06-இல் இன்டர்நேஷனல் பூல் டூர் என்று பெரிய பணத்தோடு ஒன்று வந்தது. 2006-இல் ரீனோவில் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸுக்கு முதல் பரிசு 5 லட்சம் டாலர். பரிசுப் பணத்தை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் டூர் அத்தோடு படுத்துவிட்டது. கார்டு வைத்திருந்தவர்கள் மறுபடி நுழைவுக் கட்டணம் கட்டி ஆடப் போனார்கள்.

ஒரு நாள் ஆட்டத்தை நம்புவது

“போன வாரம் அவனை நான் ஜெயிச்சேன், அவன் எப்படிண்ணே புரோ ஆவான்?” இதைக் கேட்காமல் ஒரு போட்டியும் முடிவதில்லை.

அமெரிக்காவின் ஃபார்கோ நகரத்தில் பிறந்த ‘ஃபார்கோ ரேட்’ என்ற தரமதிப்பு முறை இங்கே உதவும். மைக் பேஜ் உருவாக்கியது. யார் யாரை எத்தனை ஃபிரேம் (ஒரு தனி ஆட்டம்) வென்றார் என்பது மட்டும்தான் அதற்குள் போகும். இருவருக்கும் இடையே 100 புள்ளி வித்தியாசம் என்றால், கீழே இருப்பவர் ஒரு ஃபிரேம் எடுப்பதற்குள் மேலே இருப்பவர் இரண்டு எடுப்பார் என்று அர்த்தம். 200 என்றால் ஒன்றுக்கு நான்கு. உலகத்தின் உச்சியில் இருப்பவர்கள் 800-ஐத் தாண்டி நிற்கிறார்கள்.

இந்த ஒன்றுக்கு இரண்டு கணக்கை நான் ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 100 புள்ளி கீழே இருப்பவர் ஒரே ஒரு ஃபிரேமில் ஜெயிக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. பெஸ்ட் ஆஃப் 5-இல் 21 சதவீதம். பெஸ்ட் ஆஃப் 13-இல் 10 சதவீதம். அதாவது நாம் நடத்துகிற மாதிரி சின்ன ஆட்டங்களில், தெளிவாகத் தேறின ஆளே ஐந்துக்கு ஒரு தடவை தோற்பார். அந்த ஒரு தோல்வியைக் காட்டி “நானும் அவரும் ஒண்ணுதான்” என்று சொல்வதும், ஒருவர் தொடர்ந்து இரண்டு பிரேக்கில் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) பந்துகளைச் சுத்தமாகத் துடைத்ததைப் பார்த்து “இவர் புரோ, வெளியே போ” என்று சொல்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். ஃபார்கோ ரேட்டே 200 ஃபிரேம் சேர்ந்த பிறகுதான் ஒருவருடைய எண்ணை நிலையானது என்று ஏற்கிறது.

உங்கள் ஊரில் அப்படி எண் எதுவும் இல்லையென்றால் 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு போட்டியிலும் யார் யாரிடம் எத்தனைக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டுக்கு எதிராக யாராலும் வாய் திறக்க முடியாது.

தன்னைத் தானே அளந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குப் ‘பேய்’ என்ற பயிற்சி இருக்கிறது, எதிரே ஆள் இல்லை, பேயோடு ஆடுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். நைன் பால் அடுக்கி நீங்களே பிரேக் அடித்து, ஒயிட்டை (க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து) கையில் எடுத்து இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் போட வேண்டும். ஒரு பந்து தவறினாலும் ஃபிரேம் பேய்க்கு. பத்து ஃபிரேம் ஆடிப் பாருங்கள், ரோஷம் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் இதைப் போட்டிக்கான தேர்வாக வைத்துவிடாதீர்கள். தோற்பது லாபம் என்றால் பேயிடம் தோற்க எல்லோருக்கும் தெரியும்.

பம்முகிறவர்களைக் கணக்கில் எடுக்காதது

எங்கே கோடு போட்டாலும் அதற்கு ஒரு அங்குலம் கீழே படுத்துக்கொள்ள ஒருவர் வருவார். அமெரிக்காவில் ஏபிஏ (அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன்) லீக் இதோடுதான் காலம் தள்ளுகிறது. டெர்ரி பெல், லாரி ஹப்பர்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் சாதாரண ஆட்டக்காரர்களுக்காகத் தொடங்கியது அது. எயிட் பாலில் 2 முதல் 7 வரை தரம். 7-ம் 2-ம் மோதினால் முதலாமவர் ஏழு ஃபிரேம் எடுக்க வேண்டும், மற்றவர் இரண்டு எடுத்தால் போதும். ஒரு அணியில் ஆடும் ஐந்து பேரின் தரமும் சேர்ந்து 23-ஐத் தாண்டக் கூடாது. தரம் குறைவாகக் காட்டினால் என்ன லாபம் என்று விளக்க வேண்டியதில்லை.

அங்கே ஸ்கோர் எழுதுகிறவர் ஃபிரேமை மட்டும் எழுதுவதில்லை. எத்தனை இன்னிங்ஸ் (இருவரும் ஒவ்வொரு முறை ஆடி முடிப்பது) ஆயிற்று, அதில் எத்தனை ஷாட் பந்து போடும் எண்ணமே இல்லாமல் தற்காப்புக்கு அடித்தது என்றும் குறிக்கிறார். காரணம், பம்முகிறவர் வேண்டுமென்றே தவறவிட்டால் இன்னிங்ஸ் ஏறும், ஆள் சுமாரானவராகத் தெரிவார்.

நான் பார்க்கக் கற்றுக்கொண்டது இது: பந்து விழாதபோது பந்தைப் பார்க்காதீர்கள், ஒயிட்டைப் பாருங்கள். புதிதாக ஆடுகிறவர் தவறவிட்டால் ஒயிட் டேபிள் முழுக்க ஊர்வலம் போகும், எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியாது. பம்முகிறவர் பந்தைப் பாக்கெட் வாயில் முட்டித் திரும்ப விடுவார். ஒயிட் மட்டும் மெதுவாக உருண்டு, உங்கள் பந்தை நீங்கள் நேராக அடிக்க முடியாதபடி பிளாக்குக்கு (எட்டாம் நம்பர் கருப்புப் பந்து) மறைவாய் ஒட்டி நிற்கும். “அச்சச்சோ” என்பார். ஒரு ஃபிரேமில் மூன்று அச்சச்சோவும் மூன்றும் அதே மாதிரி நின்றால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாது என்பதால் உள்ளே விடுவது

1985-இல் ஹூஸ்டனில் ஒரு பூல் ஹால் போட்டிக்கு ‘சீசர் மொரேல்ஸ்’ என்ற பிலிப்பைன்ஸ்காரர் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். உண்மையில் அவர் எஃப்ரென் ரேயஸ். ரேயஸ் என்ற பெயர் அமெரிக்க ஆட்டக்காரர்கள் காதுக்கு அதற்குள் வந்துவிட்டது, முகம்தான் வரவில்லை. 1999-இல் அதே ரேயஸ் கார்டிஃபில் உலக நைன் பால் சாம்பியன்.

தலைகீழாகவும் நடக்கும். மினசோட்டா ஃபேட்ஸ் என்று தன்னை அழைத்துக்கொண்ட ருடால்ஃப் வான்டரோன் அமெரிக்காவே அறிந்த பூல் முகம், ஆனால் பெரிய போட்டி ஒன்றும் வென்றதில்லை. 1978-இல் தொலைக்காட்சியில், பல முறை உலக சாம்பியனான வில்லி மொஸ்கோனியோடு மோதினார். மொஸ்கோனி ஜெயித்தார். பேர் பெற்றவரை வெளியே நிறுத்துவதும் பேர் தெரியாதவரை உள்ளே விடுவதும் இப்படித்தான் முடியும்.

டேபிளையும் பாருங்கள். பூல் பந்தின் குறுக்களவு இரண்டே கால் அங்குலம். நாலரை அங்குல பாக்கெட்டில் இரண்டு பந்து ஒட்டி உட்காரும். இப்போது பெரிய புரோ போட்டிகளில் நாலு அங்குல பாக்கெட் வைக்கிறார்கள். ஏழடி டேபிளில் அகலமான பாக்கெட்டில் ராஜா மாதிரி ஆடியவர் ஒன்பதடி டேபிளில் வேர்த்து வழிவதைப் பார்த்திருக்கிறேன். எந்த டேபிளில் வந்த பேர் என்று கேளுங்கள்.

டிரா போட்ட பிறகு கோடு போடுவது

என் முதல் தவறு இதுதான், எல்லாவற்றிலும் மோசமானதும் இதுதான். ஒருவர் நான்கு சுற்று ஆடி ஜெயித்த பிறகு “நீங்க புரோ” என்று சொல்வது, கோடு எங்கே போட்டாலும் அநியாயம். அவர் தோற்றிருந்தால் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். பரிசைப் பிரித்துக் கொடுத்ததும் அதே அநியாயத்தின் அரைப் பங்கு.

இப்போது போஸ்டரில் இப்படிப் போடுகிறேன்: ‘கடந்த 12 மாதத்தில் மாநில அளவிலான பூல் அல்லது ஸ்னூக்கர் போட்டியில் காலிறுதிக்கு வந்தவர்கள் ஓப்பன் பிரிவில் மட்டும். மற்றவர்களை நம் நோட்டுப்படி பிரிப்போம். கோச்சிங் தருவது தடையில்லை. ஆட்சேபம் இருந்தால் டிராவுக்கு முன் சொல்லவும்.’ பன்னிரண்டு மாதம் என்று போட்டதற்குக் காரணம் உண்டு. இருபது வருடம் முன்னால் மாநில அளவில் ஆடி, கல்யாணம் பண்ணி, க்யூவைப் பரண் மேல் போட்டு, முட்டி வலியோடு திரும்பி வருகிற மனிதரை இன்னமும் புரோ என்று சொல்லி 22 வயதுப் பையன்களோடு மோத விட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த போட்டிக்கு பேங்க்காரர் போன் பண்ணினார். “சார், நான் எதுல?” நோட்டைப் புரட்டிவிட்டு ஓப்பன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் “சரிங்க” என்றார். வந்தார், முதல் சுற்றில் 3-1 என்று தோற்றார். க்யூவை இரண்டாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே, “அடுத்த தடவை என்னைக் கீழ இறக்குவீங்களா?” என்று கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.