சத்தம் போடாத பிழைகள்: கணக்கெடுப்பு நுண்தரவில் சறுக்கும் இடங்கள்

ஆய்வு மாணவி ஒருவர் ஒரு கோப்பை அனுப்பி, கூட்டல் சரியாக வரவில்லை என்று போன் செய்தார். ஒரு வட்டம் முழுவதற்குமான குடும்பங்கள் அதில் இருக்கவேண்டும். குடும்ப எண்ணை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆறு குடும்பங்கள்தான் வந்தன.

"கோப்பை என்னம்மா பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல அக்கா. எக்செல்ல திறந்து பார்த்தேன், சேவ் பண்ணி மூடிட்டேன். அவ்வளவுதான்."

அந்த சேவ்தான் வேலையைக் கெடுத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின் ஊர்க் குறியீடுகளில் மாநிலத்துக்கு 2 இலக்கம், மாவட்டத்துக்கு 3, வட்டத்துக்கு 5, ஊருக்கு 6. மொத்தம் 16. அதற்குப் பின்னால் குடும்ப எண்ணையும் ஆள் எண்ணையும் ஒட்டினால்தான் ஒரு மனிதருக்கான முழு அடையாள எண் கிடைக்கும். எக்செல் எந்த எண்ணையும் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். மீதி இடங்களைச் சுழியால் நிரப்பிவிடும். அதனால் குடும்ப எண் முழுவதும் போயிற்று, ஊர்க் குறியீட்டின் கடைசி இலக்கமும் போயிற்று. பக்கத்துப் பக்கத்து எண் கொண்ட பத்து ஊர்கள் சேர்ந்து ஒரே குடும்பமாகிவிட்டன. திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில், சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் எனக்குக் கை நடுங்கும். இப்போது அது வந்தால் நிம்மதி. எங்கே இடிக்கிறது என்று கருவியே சொல்லிவிட்டதே! சொல்லாமல் விடுகிறவைதான் ஆய்வறிக்கை வரை போய் உட்கார்ந்துகொள்கின்றன. இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த வகையைப் பற்றி.

நுண்தரவு என்றால் தொகுத்த அட்டவணை இல்லை. ஆளுக்கு ஒரு வரி, வீட்டுக்கு ஒரு வரி என்று இருக்கும் மூலப் பதிவு. இதைக் கையாள நல்ல கருவிகள் இருக்கின்றன, பல இலவசம். பதியவும் திருத்தவும் அமெரிக்க சென்சஸ் பீரோவின் சிஎஸ்புரோ. சிறு பகுதிகளுக்கான அட்டவணைகளை எடுக்க, சிலியின் சாந்தியாகோவில் இருக்கும் செலாடே என்ற ஐ.நா. மக்கள்தொகை மையத்தின் ரெடாட்டம். அலச ஆர் (R) அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்கள். அடையாளத்தை மறைக்க ஆர் மொழியில் எஸ்டிசிமைக்ரோ. இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் அடையாள எண்ணை எழுத்து வகையாகவே படிக்கவேண்டும். 01 என்ற ஜம்மு காஷ்மீர் குறியீடு வெறும் 1 ஆகிவிட்டால் அப்புறம் எந்தக் கோப்போடும் ஒட்டாது. ஸ்டேட்டாவில் புதிதாக ஒரு மாறியை, அதாவது ஒரு நெடுவரிசையை, உருவாக்கும்போது, வகையைச் சொல்லாவிட்டால் அது துல்லியம் குறைந்த ஃப்ளோட் என்ற எண் வகை ஆகிவிடும். 1,67,77,216-க்கு மேல் போனால் எல்லா முழு எண்களையும் அதில் சரியாக வைக்க முடியாது. எட்டு இலக்கக் குடும்ப எண் போதும், குட்டை குழம்ப.

அடுத்தது நிலையான அகலக் கோப்புகள். நம் ஊர் தேசிய மாதிரி ஆய்வுகளின் நுண்தரவு நெடுங்காலமாக இப்படித்தான் வந்தது: இடைவெளியோ காற்புள்ளியோ இல்லாமல் இலக்கங்கள் மட்டும், கூடவே எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்ன என்று சொல்லும் லேஅவுட். 336032042 என்று ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 தமிழ்நாடு, 603 சென்னை, 2 பெண், 042 வயது. ஓரிடம் தள்ளிப் படித்தால் 36 என்ற மாநிலம், 032 என்ற மாவட்டம், பாலினம் 0. இது உடனே பல்லை இளிக்கும், பிடித்துவிடலாம். வயதுக்கு மூன்று இடம் என்பதை மறந்து இரண்டை மட்டும் படித்தால்? 042 என்பது 04 ஆகும். சென்னைப் பெண்மணிக்கு நான்கு வயது. மாநிலம், பாலினம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். நூறு வயதானவருக்குக்கூட பத்து வயதுதான் காட்டும். கோப்பைப் படித்தவுடன் ஒவ்வொரு மாறிக்கும் எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற அலைவெண் அட்டவணை எடுத்து ஒரு பார்வை பார்த்தால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை, ஏனோ.

எடை விஷயம் தனிக் கதை. மாதிரி ஆய்வில் ஒரு குடும்பம் பல குடும்பங்களின் சார்பில் நிற்கிறது. எத்தனை குடும்பங்கள் என்பதை மல்டிப்ளையர் என்ற எடை எண் சொல்லும். பழைய தேசிய மாதிரி ஆய்வுச் சுற்றுகள் பலவற்றில் அதை அப்படியே போட்டுவிட முடியாது. இரண்டு தசம இடங்களை மறைத்து எழுதியிருப்பதால் 100-ஆல் வகுக்கவேண்டும். மாதிரியை இரண்டு துணை மாதிரிகளாகப் பிரித்திருப்பார்கள்; இரண்டும் அமைந்த இடமாக இருந்தால், இரண்டின் சராசரி வேண்டும் என்பதால், 200-ஆல் வகுக்கவேண்டும். வகுக்கவே மறந்தால் இந்தியாவின் மக்கள்தொகை நூறு மடங்குக்கும் மேலாகிவிடும், யாருக்கும் கண்ணில் படும். எல்லாவற்றையும் 100-ஆல் வகுத்தால்தான் ஆபத்து. சில இடங்களின் எடை சரியாக இருக்கும், சில இடங்களுடையது இரட்டிப்பாகியிருக்கும், விகிதங்கள் எல்லாம் நம்பும்படியாகவே வரும். காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் பழைய ஆண்டுக் கோப்புகளில் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்கவேண்டும். போன சுற்றுக்கு எழுதிய நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு ஒட்டாதீர்கள்.

குடும்பக் கோப்பையும் ஆட்கள் கோப்பையும் இணைத்த பிறகு நடக்கும் ஒரு தவறை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இரண்டு வீடுகள், ஒன்றில் 2 பேர், மற்றதில் 8 பேர். சராசரிக் குடும்ப அளவு 5. இணைத்த கோப்பில் ஆளுக்கு ஒரு வரி இருக்கும், ஒவ்வொரு வரியிலும் அவரவர் குடும்ப அளவு இருக்கும். அதன் சராசரியை எடுத்தால் 2 இரண்டு முறையும் 8 எட்டு முறையும் வந்து, 68-ஐப் பத்தால் வகுத்து, 6.8 என்று நிற்கும். கருவியைக் குறை சொல்ல முடியாது. சராசரி மனிதர் எத்தனை பேர் உள்ள வீட்டில் வாழ்கிறார் என்ற கேள்விக்கு அது சரியான விடை. நாம் கேட்க நினைத்தது வேறு. கழிப்பறை, குடிநீர், சொந்த வீடு என்று வீட்டைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் இதே பொறி காத்திருக்கிறது.

99, 998, 999 ஆகியவற்றையும் கவனியுங்கள். 'தெரியவில்லை' என்பதற்கு இப்படிப்பட்ட எண்ணைப் போடுவது பழைய வழக்கம். பல நாட்டுக் கணக்கெடுப்பு நுண்தரவைச் சேர்த்துவைக்கும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தொகுப்பிலும் வயது தெரியாதவருக்கு 999 உண்டு. சரி, அதை விடுபட்டது என்று மாற்றிவிட்டோம், தப்பித்தோம் என்றால், ஸ்டேட்டா விடுபட்டதை எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கருதும். 'வயது 60-க்கு மேல்' என்று கேட்டால் வயது தெரியாதவர்கள் எல்லாரும் முதியோர் பட்டியலில் வந்து நிற்பார்கள்.

அதிகமாகத் திருத்துவதும் தவறுதான். 40, 45, 50 என்ற வயதுகளில் ஆட்கள் குவிந்திருப்பதைப் பார்த்துப் பதிவுப் பிழை என்று பதறவேண்டாம். "ஒரு அம்பது இருக்கும்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பதில் அது. 0, 5-இல் முடியும் வயதுகளில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று சொல்லும் விப்பிள் குறியீட்டால் அளந்து, அளந்ததை எழுதி வையுங்கள். வயதைப் பரத்திப் போடாதீர்கள். சிஎஸ்புரோவில் எல்லாப் பதிவுகளையும் நிரல் வழியாக ஒரேயடியாகத் திருத்தும் தொகுதித் திருத்தம் ஓட்டினால் மூலக் கோப்பைத் தனியே வைத்து, எந்த மதிப்பு இட்டு நிரப்பியது என்ற அடையாளத்தையும் கூடவே சேமியுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வரி: 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. அன்றைய திருநெல்வேலிக்குள் தென்காசியும் இருந்தது. பெயரை வைத்து இணைக்கிறவர்களுக்கு இன்னொரு வரி: 'கோ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் 'கோவை' கணினிக்கு இரண்டு ஊர். இப்படி வேறுபடும் வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்துவிட்டு இணைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இனி பகிர்வது. இங்கே தவறினால் நஷ்டம் நமக்கு இல்லை, நம்பிப் பதில் சொன்னவருக்கு. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிநபர் பதிவை யாரும் பார்வையிட விடாது. நீதிமன்றத்தில் சான்றாகவும் ஏற்கவிடாது. பெயரையும் கதவு எண்ணையும் நீக்கினால் கடமை முடிந்தது என்பதுதான் இங்கே மிகப் பரவலான நினைப்பு. 1990-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்து தரவு அந்தரங்க ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி காட்டியது நினைவிருக்கட்டும்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் இருந்தால் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிடலாம். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துப் பின்னால் வந்த கணக்கு 63 சதவீதம் என்றது. அதுவும் கொஞ்சமில்லையே.

எஸ்டிசிமைக்ரோ ஆபத்தை அளந்து தரும். எந்த மாறிகளை வைத்து ஒருவரை அடையாளம் காணலாம் என்று சொல்லவேண்டியது மட்டும் நாம்தான். வயது, பாலினம், மாவட்டம் மூன்றையும் கொடுத்துவிட்டு, தாய்மொழியையும் தொழிலையும் கொடுக்க மறந்தால், அது நம்மிடம் கேட்காது. 'ஆபத்து குறைவு' என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். வரிகள் தெரு வரிசையிலேயே இருந்தால் அதுவும் முகவரிதான், கலைத்துவிடுங்கள். சிஎஸ்புரோவின் தரவுக் கோப்பை அப்படியே அனுப்புவதும் வேண்டாம். கணக்கெடுப்பாளர் எழுதிய குறிப்புகள் அதற்குள் இருக்கும். நாம் நீக்கிய பதிவுகளும், நீக்கியவை என்ற அடையாளத்தோடு, உள்ளேயே கிடக்கும். வேண்டிய மாறிகளை மட்டும் ஏற்றுமதி செய்து அனுப்புங்கள்.

பதிவையே கொடுக்காமல் ரெடாட்டம் வழியாக இணையத்தில் அட்டவணை மட்டும் கொடுத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஒரு வார்டில் மாற்றுத்திறனாளிகள் 23 பேர் என்று ஒரு அட்டவணை. அதே வார்டில் 80 வயதுக்குக் கீழே 22 பேர் என்று இன்னொன்று. கழித்துப் பாருங்கள், ஒரே ஒரு முதியவர் மிச்சம். இரண்டையும் குறைபாட்டின் வகை வாரியாக எடுத்தால் அவருக்கு என்ன குறை என்பதும் தெரிந்துவிடும். சிறிய பகுதிகளுக்கு எந்த அளவுக்கு நுணுக்கமான அட்டவணை எடுக்கலாம் என்ற வரம்பைத் தளத்தைத் திறப்பதற்கு முன்பே போட்டுவிடவேண்டும்.

எதையும் வெளியே அனுப்புவதற்கு முன் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பெயர் நீக்கிய கோப்பில் எனக்குத் தெரிந்த ஊரைத் தேடுவேன். ஒரு ஆய்வுக் குழு சரிபார்க்கக் கொடுத்த கோப்பில் அப்படித் தேடியபோது ஒரு வரி வந்தது: பெண், 91 வயது, தனியாக வசிக்கிறார், தாய்மொழி சௌராஷ்டிரம். எங்கள் தெருப் பாட்டி. அடுத்த நெடுவரிசையில் அவருடைய மாத வருமானம் இருந்தது. கோப்பைத் திருப்பி அனுப்பினேன். வயதை '80-க்கு மேல்' என்று மடக்கி, ஊருக்குப் பதில் மாவட்டத்தை மட்டும் வைத்து மீண்டும் கொடுத்தார்கள். பாட்டியை மறுபடி தேடினேன். அவரைப் போலவே பல வரிகள் இருந்தன. அவர் எது என்று எனக்குத் தெரியவில்லை.