திருகோணமலையில் ஏசி பழுதானால் திருத்துவதா, புதிது வாங்குவதா?

மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையின் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொடும். இரவாகியும் கொங்கிறீற் கூரையின் சூடு ஆறாது. அந்த நாட்களில் ஏசி நின்றுபோனால், வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருப்பவர்கள் பதற்றத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். திருத்த வந்தவர் சொன்னபடி குளிரூட்டும் காஸ் நிரப்புகிறார்கள், அல்லது தவணைக்குப் புதிய இயந்திரம் எடுக்கிறார்கள். இரண்டுமே பல வேளைகளில் வீண் செலவு. இயந்திரத்துக்கு எத்தனை வயது என்று கேட்பதற்கு முன்னர், பழுது எந்தப் பாகத்தில் இருக்கிறது, கடலின் உப்பு வெளி யூனிட்டின் கொயிலை (வெப்பத்தைக் கடத்தும் குழாய்ச் சுருளை) எந்த அளவுக்குத் தின்றிருக்கிறது என்ற இரண்டையும் அறிந்துகொள்ள வேண்டும். நம்முடைய ஊரில் முடிவைத் தீர்மானிப்பவை இவ்விரண்டுமே.

யாரையும் அழைப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால் காற்றோட்டம் குறைந்து உள் யூனிட்டின் கொயிலில் பனிக்கட்டி படியும். அப்போது குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டுப் பனி உருகிய பின்னர் வடிகட்டியைக் கழுவிப் போடுங்கள். சுவரில் நீர் வடிந்தால் பெரும்பாலும் வடிகுழாய் பாசியால் அடைபட்டிருக்கும். நமக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். மாலையில் அது மிகவும் இறங்கும் தெருக்களில், தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே தொடங்க மறுக்கும் இயந்திரங்கள் உண்டு. மின்வெட்டுக்குப் பிறகு, காஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்பிரசர் மூன்று நிமிடங்கள் வரை தாமதித்துத் தொடங்குவதும் பழுதன்று.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குளிர் போதவில்லை என்றால், சாதாரண வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் இருபது நிமிடம் ஓடிய பின்னர், உள் யூனிட்டின் மேற்புறத்தில் உள்ளே இழுக்கப்படும் காற்றையும் கீழே வெளிவரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 பாகை வரை இருந்தால் குளிரூட்டும் சுற்று நலமாகவே இருக்கிறது. குறை அறையின் கசிவிலோ, கூரையின் சூட்டிலோ, சிறிய இயந்திரத்தைப் பெரிய அறைக்குப் போட்டதிலோ இருக்கலாம். வித்தியாசம் நாலைந்து பாகைதான் என்றால் அந்த எண்களைக் குறித்துவைத்துத் திருத்துநரிடம் கொடுங்கள்.

வெளி யூனிட்டில் உறுமல் மட்டும் கேட்டு, விசிறி சுழலாமலோ கம்பிரசர் தொடங்காமலோ இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, மோட்டரைத் தொடக்கிவிட உதவும் கப்பாசிட்டரை. விலை குறைந்த, விரைவில் மாற்றக்கூடிய பாகம் அது. அதன் உடலில் அச்சிடப்பட்டிருக்கும் மைக்ரோபரட் அளவையும் மானியில் காட்டும் அளவையும் ஒப்பிட்டால் அது தேய்ந்துவிட்டதா என்பது நிமிடத்தில் தெரிந்துவிடும். 'கம்பிரசர் எரிந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால், கப்பாசிட்டரை அளந்து பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது அவரை அவமதிப்பதாகாது. மின்னணு அட்டைக்குள் பல்லி புகுந்து கருகிக் கிடப்பதும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகளுக்கிடையில் எறும்புகள் நசுங்கி மின்தொடர்பைத் தடுப்பதும் நம் வீடுகளில் வழக்கமானவை. கப்பாசிட்டர், விசிறி மோட்டர், உணரி, ரிலே ஆகியவற்றோடு பழுது நிற்குமானால், கொயில் நன்றாக இருக்கும்வரை பத்து வயது கடந்த இயந்திரத்தையும் தயங்காமல் திருத்தலாம்.

காஸ் விடயத்தில்தான் மக்கள் மிக அதிகமாக ஏமாறுகிறார்கள். மோட்டார் சைக்கிள் பெற்றோலைக் குடிப்பதைப் போல ஏசி காஸைக் குடித்துத் தீர்ப்பதில்லை. முத்திரையிடப்பட்ட குழாய்ச் சுற்றுக்குள் ஒரே காஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது; அது குறைந்திருந்தால் எங்கோ ஒரு துவாரம் இருக்கிறது என்பதே பொருள். ஆகவே 'வருடா வருடம் காஸ் போட வேண்டும்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புபவருக்குக் கொடுக்கும் பணம் அடுத்த சில மாதங்களில் காற்றோடு போய்விடும். குழாய்கள் யூனிட்டோடு சேரும் பித்தளை நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், கசிவு பெரும்பாலும் அங்கேதான். சவர்க்கார நுரை தடவினால் குமிழி எழும். அந்த இணைப்பை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டுவது சிறிய வேலை. இணைப்புகளில் குறை இல்லை என்றால், நைதரசனை அழுத்தத்தில் நிரப்பிக் கொயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். கொயிலே கசிகிறது என்று தெரிந்தால் கதை வேறு.

கொயில் கெடுவதற்குக் காரணம் உப்பு. வெளி யூனிட்டின் கொயில் செப்புக் குழாய்களில் மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கிச் செருகிச் செய்யப்படுவது. ஒன்றையொன்று தொட்டிருக்கும் இவ்விரு உலோகங்களின் மீது உப்பு ஈரம் படிந்தால், அலுமினியம் தன்னைக் கொடுத்துச் செப்பைக் காப்பாற்றும்; தகடு வெள்ளைத் தூளாகும். டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளி ஆகிய கரைகளை ஒட்டிய வீடுகளில் இது கண்ணெதிரே நடக்கிறது. பிரேக்கரை அணைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் வெளி யூனிட்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரு தகட்டை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். வளைந்து நிமிர்ந்தால் உயிர் இருக்கிறது. மாவாக உதிர்ந்து குழாய் மட்டும் வெறுமையாய்த் தெரிந்தால், அந்த இடத்தில் வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் வெளியேறாதபோது அழுத்தம் ஏறுகிறது, கம்பிரசர் கூடுதல் மின்சாரத்தை இழுக்கிறது, கடைசியில் அதுவும் போகிறது. ஓரங்களில் மட்டும் தூள் தெரிந்தால் கழுவிப் பாவிக்கலாம். கொயிலின் மூன்றிலொரு பங்குக்கு மேல் உதிர்ந்திருந்தால், சிறிய திருத்தங்களுக்கு அப்பால் அதில் பணம் போட வேண்டாம் என்பதே என் துணிந்த கருத்து. கடலிலிருந்து தள்ளியிருக்கும் கந்தளாயில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடக்கூடிய அதே இயந்திரம் கடற்கரையில் அதற்கு வெகு முன்பே இந்த நிலைக்கு வந்துவிடும் என்பதால், வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கம்பிரசர், கொயில், இன்வேர்ட்டர் அட்டை (கம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் மின்னணு அட்டை) ஆகிய மூன்றில் ஒன்று போனால் கணக்குப் பார்க்க வேண்டும். உதிரிப்பாகம், கூலி, காஸ் மூன்றையும் சேர்த்த விலையை எழுத்தில் வாங்குங்கள். அது புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதே நல்லது என்பது பொதுவான நடைமுறை. கடலோர வீட்டுக்கு அந்த எல்லையை மூன்றிலொன்றாகக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். புதுக் கம்பிரசரைப் பழைய, அரித்த கொயிலோடு பூட்டினால் புதியதும் விரைவில் கெடும். கம்பிரசர் உள்ளே எரிந்து போயிருந்தால் சுற்றில் அமிலம் தங்கியிருக்கும். குழாய்களைக் கழுவி, புதிய உலர்த்தி வடிகட்டி பூட்டாமல் மாற்றுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு முன் உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். கம்பிரசருக்கு மட்டும் தனியாக நீண்ட உத்தரவாதம் கொடுக்கப்பட்டிருப்பது வழமை.

பெயர்த்தகட்டில் காஸின் வகை 'ஆர்-22' என்று இருந்தால் முடிவு எளிதாகிறது. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் அந்த வாயுவை, 1987இல் கையெழுத்தான மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகள் 2030ஆம் ஆண்டுடன் ஏறக்குறைய முழுமையாகக் கைவிட வேண்டும். அத்தகைய இயந்திரத்தில் பெரிய திருத்த வேலை செய்வது வீண். 'ஆர்-22' சுற்றுக்குள் புதிய வகைக் காஸ்களான 'ஆர்-410ஏ' அல்லது 'ஆர்-32' நிரப்பித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். அவற்றின் அழுத்தம் மிக அதிகம், 'ஆர்-32' ஓரளவு தீப்பற்றவும் கூடியது.

மின்கட்டணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். 12,000 பிடியூ குளிரூட்டும் திறன் கொண்ட பழைய இயந்திரம் 1.2 கிலோவாட் இழுத்து, இரவில் எட்டு மணி நேரத்தில் முக்கால்வாசி நேரம் கம்பிரசர் ஓடினால், ஓர் இரவுக்கு 7.2 அலகு, மாதத்துக்கு 216 அலகு. அதே அறையில் இன்வேர்ட்டர் இயந்திரம் நாலைந்து அலகோடு இரவைக் கடத்தினால் மாதத்துக்கு 66 முதல் 96 அலகு வரை மிஞ்சும். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால், மிஞ்சுவது விலை கூடிய கடைசி அலகுகளே. உங்கள் வீட்டு உண்மையை அறிய, படுக்கும்போதும் விடியும்போதும் மின்மானியைக் குறித்து, ஏசி போட்ட இரவையும் போடாத இரவையும் ஒப்பிடுங்கள். ஆனால் மதியத்தில் ஒரு மணி நேரம் மட்டும் ஏசி போடும் வீட்டுக்கு இன்வேர்ட்டரின் கூடுதல் விலை திரும்பி வர நெடுங்காலம் ஆகும். மின்னழுத்தம் தள்ளாடும் இடத்தில் அதன் விலையுயர்ந்த அட்டையும் ஆபத்தில் இருக்கும்.

மாற்றுவது என்று முடிவானால், கொயிலுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா, கடலுப்பால் வரும் அரிப்பு உத்தரவாதத்தில் அடங்குமா என்று கடையிலேயே கேளுங்கள். வெளி யூனிட்டைக் கடலை நோக்கிய சுவரில் பூட்டாமல், காற்றோட்டம் உள்ள மறுபக்கச் சுவரில் பூட்டுங்கள். மாதம் ஒருமுறை பிரேக்கரை அணைத்து, மென்மையான நீர்வீச்சில் கொயிலைக் கழுவுங்கள். கிணற்று நீர் உவராக இருக்கும் வீடுகளில் இதற்குக் குழாய்நீரையே பயன்படுத்த வேண்டும், இல்லையேல் கழுவுவதே உப்பேற்றுவதாகிவிடும். பூட்ட வருபவர் வெற்றிடப் பம்பியால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுதாக இழுத்தெடுத்த பின்னரே காஸைத் திறக்க வேண்டும்; காஸையே சிறிது விட்டுக் காற்றைத் தள்ளும் குறுக்குவழியை அனுமதிக்காதீர்கள். பழைய இயந்திரம் 'ஆர்-22' ஆக இருந்தால், சுவருக்குள் கிடக்கும் செப்புக் குழாயில் பழைய வகைக் கனிம எண்ணெய் தங்கியிருக்கும். புதிய காஸின் எண்ணெயோடு அது சேராது. எனவே குழாயையும் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். அதற்கான செலவை விலை பேசும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.